ஓட்டை வாளிக் கணக்கு

"வகுப்பு முழுக்க ஒரே விடை. அதுவும் ஒரே மாதிரி தப்பு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று வீட்டுப்பாடத் தாள் கட்டை மேசைமேல் பொத்தென்று போட்டார் இயற்பியல் துறைத் தலைவர்.

எதிரே முதலாமாண்டு மாணவி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியின் நுனியில் அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். தையற்கடையைப் பாதி வேலையில் பூட்டிவிட்டு ஓடிவந்தவர். அளவு நாடா இன்னும் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. யாராவது நன்றாக எழுதினால் அவருக்கு முதலில் வருவது சந்தேகம், இரண்டாவதாக வருவதும் சந்தேகம்தான். இந்தப் பெண்ணுக்கோ 'கேன்டீன் டீச்சர்' என்று பெயர். வாங்கிய டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் கூடப் படிக்கிறவர்களுக்கு நுண்கணிதம் சொல்லிக்கொடுப்பாள். இவள்மேல் அவர் கண் விழாமல் இருந்தால்தான் அதிசயம்.

"வீட்டுப்பாடத்துக்கு உதவின்னு இன்டர்நெட்ல ஒரு தளம் இருக்கு. எந்தக் கணக்கைக் கேட்டாலும் விடை வந்து விழுது," என்றார் அப்பாவிடம். "உங்க பொண்ணு அதுலேர்ந்து சுட்டு ஊருக்கே பந்தி வெச்சிருக்கா. பதிவாளர்கிட்ட பேசிட்டேன். இன்னிக்கே பேரை எடுத்துடுவாங்க."

அப்பா மகளைப் பார்த்தார். அவர் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். காப்பியடித்துப் பிடிபட்டவள் என்று வெளியே அனுப்பினால் அப்புறம் எந்த வாசலும் திறக்காது.

"பாப்பா, எதுவா இருந்தாலும் ஒத்துக்கம்மா. நான் சார் கால்ல விழுந்தாவது கேக்குறேன்."

"நான் எங்கேயும் பாக்கலப்பா. எனக்குத் தெரிஞ்சதத்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெற்றவரே நம்பவில்லை என்று தெரிந்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"மடியில கனமில்லன்னா வழியில எதுக்கும்மா பயம்?" என்றார் துறைத் தலைவர். அழுகையைக்கூட அவர் வாக்குமூலமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

"தாளைக் கொஞ்சம் பாக்கலாமா சார்?" என்று குறுக்கிட்டார், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் விரிவுரையாளர். இதே வகுப்புக்குப் பயிற்சிப் பாடம் எடுப்பவர். சந்தேகத்தில் இவரும் ஒன்றும் சளைத்தவர் இல்லை. அத்தனை பேருக்கும் வாராவாரம் இவ்வளவு சுத்தமாக எப்படி வருகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தவர், இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் வந்திருந்தார்.

ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். விடைப்பக்கம் கண்ணே போகவில்லை. நடுவில் ஒரே ஒரு வரியில் மட்டும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். கட்டு முடிந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாரும் 1764 ஜூல்னு போட்டிருக்காங்க. இதுல என்ன தப்பு சார்?"

"கடைசி ரெண்டு எண்ணும் இடம் மாறியிருக்கு பாருங்க. சரியான விடை 1746. இவ அவசரத்துல மாத்தி எழுதிட்டா. மத்ததுங்க கண்ணை மூடிக்கிட்டு அதையே எழுதிடுச்சு. ஆட்டு மந்தை."

மாணவி துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எப்படிப் போட்டாலும் எனக்கு அதான் வருது சார்."

"எல்லாருக்கும் அதான் வருது. அதானே புகாரே."

இதற்குமேல் பொறுக்காதவராய்த் துறைத் தலைவர் எழுந்து, மேசையில் கிடந்த தன் விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்துப் பார்த்துப் பலகையில் எழுத ஆரம்பித்தார்.

"கிணத்து ஆழம் பன்னெண்டு மீட்டர். ஓட்டை வாளி. கீழ இருவது கிலோ தண்ணி, ஒரே சீரா ஒழுகி மேல வர்றப்போ பாதி. வாளி எடையும் கயித்து எடையும் கெடையாது. தொகையிட்டா நூத்தி எண்பது. அதை ஈர்ப்பு முடுக்கத்தால பெருக்கணும், ஒம்பது புள்ளி ஏழு. 1746. தீந்துது."

"ஒம்பது புள்ளி எட்டு இல்லையா சார்? புக்குல அப்படித்தானே இருக்கு."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? நானே உக்காந்து வரி வரியா போட்ட விடை இது. எடத்துக்கு எடம் அது கொஞ்சம் கூடும் கொறையும். அதெல்லாம் உன் தளத்துல சொல்ல மாட்டான்."

"பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசாத பாப்பா," என்று அப்பா பதறி எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். "சின்னப் பொண்ணுங்க சார். இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

"அந்தப் பேச்சே வேணாம். யார் காப்பியடிச்சாலும் இந்தத் துறையில இடமில்ல." துறைத் தலைவர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு விரிவுரையாளர் பக்கம் திரும்பினார். "நீங்களும் பதிவாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். என்ன, பேச்சையே காணோம்?"

விரிவுரையாளர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருடைய முகம் வெளுத்துப்போயிருந்தது. மெல்லச் சொன்னார்.

"சார், அந்தத் தளத்துல வேணும்னே 9.7-னு தப்பா போட்டு வெச்சது நான்தான்."