கிணற்றில் விழுந்த செவலை

செவலை என்ற செம்மறி ஆட்டுக்குத் தன் கால்களின் மேல் அபார நம்பிக்கை. மந்தையை விட்டு விலகி மேயப் போன ஒரு சாயங்காலம், அது பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டது. சுவரில் தாவியது, வழுக்கித் தண்ணீரில் விழுந்தது, மறுபடியும் தாவியது. குளம்புகளில் ரத்தம் கசிந்தது.

தேடி வந்த மேய்ப்பர் மரத்தில் கயிற்றைக் கட்டி உள்ளே இறங்கினார். அவர் தூக்கப் போனபோது செவலை திமிறி, அவர் நெஞ்சிலேயே உதைத்துவிட்டு மீண்டும் சுவரில் பாய்ந்தது.

கல்லிடுக்கில் இருந்த தவளை கேட்டது: "உன்னைத் தூக்கத்தானே அவர் இறங்கி வந்திருக்கார். ஏன் உதைக்கிறே?"

"நான் சும்மா இருந்தா முழுகிடுவேனே" என்றது செவலை, மூச்சிரைக்க.

"முழுக விடுவாரா? திரும்பி அவரைப் பாரு."

செவலை திரும்பியது. இடுப்பளவு தண்ணீரில் மேய்ப்பர் இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றிருந்தார். உதைபட்ட இடத்தில் சட்டை கிழிந்திருந்தது. செவலைக்குப் பயம் போகவில்லை; இருந்தாலும் கால்களைத் தளர்த்தியது. அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கயிற்றைப் பற்றி ஏறினார்.

மேலே மற்ற ஆடுகள் சூழ்ந்துகொண்டன. "இவ்வளவு ஆழத்திலிருந்து எப்படி ஏறி வந்தே?"

"நான் ஏறலை" என்றது செவலை, அவர் தோளிலிருந்து இறங்காமலே.