பயிற்சிக்கு எழுதிய கடிதம்

"நல்லாருக்கோம்னு எழுதுங்க ரைட்டரய்யா. வேற ஒண்ணும் வேணாம்."

செல்லம்மாள் சொல்லி முடித்துவிட்டாள். இருதயராஜ் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம். தோலுக்கு விலையில்லாத காலம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் ஆட்களுக்கு ஆஜர் போடுகிற ரைட்டர் அவர். அவள் அங்கே ஆவாரம்பட்டை இடிக்கிறவள். புருஷன் வெள்ளையன் கோலார் தங்க வயலில் இருந்தான். அவனுக்கு மாதம் ஒரு கடிதம் எழுத அவர் எதிரில் வந்து உட்காருவாள்.

இருதயராஜுக்குக் கதை எழுத ஆசை. பட்டணத்துப் பத்திரிகைக்கு அனுப்பிய ஐந்தும் திரும்பி வந்துவிட்டன. கடைசிக் கதையின் ஓரத்தில், 'ஜீவன் இல்லை' என்று ஆசிரியர் குறித்திருந்தார்.

அன்றிலிருந்து தமக்குத் தாமே பயிற்சி வைத்துக்கொண்டார். ஒரு வாரம் வெறும் சண்டைப் பேச்சு. ஒரு வாரம் ஊறுகிற தோலின் நாற்றம்.

இந்த வாரம், பசி.

அவர் ஒரு வேளையும் பட்டினி கிடந்ததில்லை. செல்லம்மாளின் கடிதம் கைக்கு வசமாகக் கிடைத்தது.

'பிள்ளைக்குத் தண்ணி குடுத்துத் தூங்க வைக்கிறேன். உலக்கை தூக்கக் கையில் தெம்பில்லை. நீ வந்து பார்த்தால்தான் உண்டு.'

எழுதியதும் அவருக்கே சிலிர்த்தது. முதல் வரியைத் தம் நோட்டில் காப்பி பண்ணிக்கொண்டார்.

"படிச்சிக் காட்டுங்கய்யா."

காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்லாருக்கோம். கவலப்படாத."

அவள் திருப்தியாகக் கைநாட்டு வைத்தாள்.

பத்தாம் நாள், முண்டாசு கட்டிய ஒருவன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"நான்தாங்க வெள்ளையன், செல்லம்மா ஊட்டுக்காரன். காயிதம் வந்ததும் வேலய வுட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

இருதயராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார். இந்தக் காலத்தில், இருக்கிற வேலையை விட்டுவிட்டா!

"தப்புப் பண்ணிட்டேம்பா. அவ நல்லாருக்கோம்னுதான் சொன்னா. எழுதிப் பழகறதுக்காக நான்தான் பொய்யா..."

"அவளும் அப்டித்தாங்க சொன்னா. ரைட்டரய்யா பொய் எழுதிட்டாருன்னு." வெள்ளையன் முண்டாசை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். "சட்டியத் தொறந்து பாத்தேன், ஒண்ணுமில்ல. புள்ளயத் தூக்குனேன், கனமே இல்ல. நான் அனுப்பறதும் பத்தல. ஷாப்புல வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வேலையாமே? நான் பேஜாராவேன்னு வாயே தொறக்கலீங்க."

ரெண்டு நாள். அவளுக்கு ஆஜர் போட்டவரே அவர்தான்.

"அவ கூடப் பொறந்தவங்களுக்கே தெரியலீங்க. அவ மொகத்தப் பாத்தே நீங்க கண்டுபுடிச்சிருக்கீங்க. இப்போ அவ மானம் போவக் கூடாதுன்னு பொய்யின்னு வேற சொல்றீங்க. பெரிய மனசுங்க ஒங்களுக்கு."

"இல்லப்பா, நெஜமாவே நான்..."

"இங்கயே எதனா வேல பாத்துக்கறேங்க. அவளும் புள்ளயும் பக்கத்துல இருந்தா போதும்."

இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

இருதயராஜ் கண்ணை மூடிக்கொண்டு, செல்லம்மாளின் முகத்தை நினைத்துப் பார்த்தார்.

ஞாபகம் வரவில்லை.