தடை செய்யப்பட்ட சர்வர்

தான் நடத்தும் ‘நன்னெறி முற்றம்’ என்ற சமூக வலைத்தள சர்வரின் மாண்பைக் காக்க, அதோடு இணைந்து பதிவுகளைப் பரிமாறிவந்த, வேறு ஆட்கள் நடத்தும் இன்னொரு சர்வரை மகுடபதி அடியோடு தடை செய்தார். அங்கே ஒருவன் அவர் கவிதைக்குக் கொட்டாவி விடும் பொம்மை போட்டிருந்தான். இனி அங்கிருந்து ஓர் எழுத்தும் உள்ளே வராது. அதுதான் உறுத்தியது. “இந்நேரம் என்னவெல்லாம் புலம்பறாங்களோ?” என்றார்.

“பாக்கோணும்னா தடைய எடுங்க” என்றாள் மனைவி சுலோச்சனா.

“கெஞ்சுனா எடுக்கலாம்.”

“கெஞ்சறாங்களான்னு எப்படிங்க தெரியும்?”

ஒரே நிமிடம் என்று தடையை நீக்கினார். காரக்குழம்பில் வெல்லம் போடலாமா என்று அங்கே பெரும் சண்டை. மேலும் கீழும் தேடினார். அவர் பெயரே இல்லை.

“என்னங்க சொல்றாங்க?”

மறுபடி தடைபோட நீண்ட விரல் பொத்தான்மேல் நின்றது. குழம்பில் வெல்லம் கூடாது என்பதில் மகுடபதிக்கு உறுதியான கருத்து உண்டு.