நாணலுக்குள் போன நாய்

சுவிஸின் நொஷாட்டல் ஏரியை மூடுபனி அப்பிக்கிடக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் சாம்பல் பூத்துவிட்டது. கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அடுத்த மாதம் நடக்கவிருக்கும் வேட்டைநாய்த் தேர்வுக்காகத் தன் கறுப்பு லாப்ரடார் மொக்காவைப் பழக்க வந்திருக்கிறாள் தவமலர். கணவன் யோகேந்திரன், நாய் கவ்விவரப் பழக்கும் துணிப்பொதியை நாணலுக்குள் வீசுகிறான். அவள் கையை நீட்டியதும் நாய் பாய்ந்து மறைகிறது. தண்டுகள் உரசும் சத்தம் தூரத்துக்குப் போய் நின்றுவிடுகிறது. அவள் மூன்றாவது முறை விசில் ஊதிய பிறகுதான் மொக்கா திரும்பி வருகிறது. காலடியில் அமர்ந்து, கவ்வி வந்ததைப் பதமாக அவள் கையில் வைக்கிறது. அது பொதி இல்லை, சிவப்புக் கம்பளித் தொப்பி. ஒரு பக்கம் மட்டும் நனைந்திருக்கிறது. அவள் உள்ளே விரலை விட்டுப் பார்க்கிறாள்.

“இஞ்சேருங்கோ, உள்ளுக்கு இன்னும் சூடாக் கிடக்கு.”

யோகேந்திரன் நாணலைப் பார்த்துப் பிரெஞ்சில் உரக்கக் கூப்பிடுகிறான். ஒரு வாத்து மட்டும் சிறகடித்து ஓய்கிறது. யாரும் ஏவாமலே மொக்கா திரும்பி நாணலுக்குள் ஓடுகிறது.

“நீங்கள் பொலிசுக்குப் போன் அடியுங்கோ. நான் போறன்.”

“தனியப் போகாதையும், தவம்!”

அவள் இறங்கிவிட்டாள். சப்பாத்துக்குள் குளிர்ந்த தண்ணீர் ஏறுகிறது. வேலையின்போது குரைத்தால் தேர்வில் தள்ளிவிடுவார்கள் என்று இரண்டு வருடமாக வாய் திறக்காமல் பழக்கிய நாய், பனிக்குள்ளிருந்து விடாமல் குரைக்கிறது.