யாரோ ஒருத்தி

மகள் நறுமுகைக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கத்தான் தமயந்தி மருத்துவமனைக்கு வந்திருந்தாள். மகளின் படுக்கையருகே வந்த பிறர்நல அதிகாரி மறுத்துவிட்டார்.

"பெத்த பொண்ணு பொழைச்சா உங்களுக்குத்தானேம்மா சந்தோஷம்? அது சுயநலம். முன்பின் தெரியாதவங்களுக்குக் கொடுக்கத்தான் சட்டத்துல இடம் இருக்கு."

மகள் அம்மாவின் கையை இறுகப் பிடித்திருந்தாள். தமயந்தி அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"இவ என் பொண்ணே இல்லை சார். யாரோ ஒருத்தி."

அதிகாரி கனிவாகச் சிரித்தார். "அப்ப சரி, இன்னிக்கே ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா அதுக்கப்புறம் இந்தப் பொண்ணை நீங்க பார்க்கவே கூடாது. பார்த்தா சந்தோஷப்பட்டுடுவீங்க."

"வேணாம்மா... அம்மா!" என்று கதறினாள் நறுமுகை.

ஆபரேஷன் அறையை நோக்கி நடந்த தமயந்தி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.