பாதியில் நின்ற பேச்சு

“போதும் சார், உட்காருங்க. டீ ஆறிப் போகுது!”

கூட்டத்துக்குத் தலைமை வகித்த நீதிபதி உனாய்சி இப்படிச் சொன்னதோடு நிற்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த மைக்கை வெடுக்கென்று பிடுங்கி அணைத்தும் விட்டாள்.

ஹோட்டல் மண்டபமே சலசலத்தது. ஃபிஜி முழுவதிலுமிருந்து மாநாட்டுக்கு வந்திருந்த நீதிபதிகளும் வக்கீல்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னே? பேசிக்கொண்டிருந்தது நேற்றுக் கோட்டு மாட்டிய பொடியன் இல்லை. அபிசாய்! சுவா கோர்ட்டில் அவர் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாக்கு உலர்ந்துவிடும். ‘கடல் விழுங்கிய நிலம் யாருக்குச் சொந்தம்?’ என்று பேசுவதற்காக அவரைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தார்கள்.

மனிதர் திகைத்துப்போய் நின்றார். உனாய்சி அவசர அவசரமாக ஒரு சாலுசாலு மாலையை அவர் கழுத்தில் போட்டாள். கையைப் பிடித்துக் கீழே இறக்கி, அவர் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

முன்வரிசையிலிருந்த பிரணீலுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவனும் உனாய்சியும் ஒரு காலத்தில் அபிசாயின் ஆபீசில் ஒரே மேஜையில் உட்கார்ந்து தொழில் பழகியவர்கள். இப்போது அவன் லௌட்டோகாவில் வக்கீல். அவள் நீதிபதி.

வெளி வராந்தாவில் தேநீர் இடைவேளை. வாயெல்லாம் தேங்காய்ப்பால் பன், பேச்செல்லாம் உனாய்சி.

“பார்த்தியா பிரணீல், பதவி வந்ததும் தொழில் சொல்லிக் கொடுத்தவரையே உட்காருங்கறா!” என்று பற்றவைத்தார் ராதேஷ். அவரும் லௌட்டோகா வக்கீல்தான். “என்னமா பேசினார் மனுஷன்! நான் அப்படியே சொக்கிப் போயிட்டேன்.”

“ஒரு வார்த்தை விடாம கேட்டேன்,” என்றார் பக்கத்திலிருந்தவர். “இந்தம்மாவுக்குப் பொறாமை. வேறென்ன?”

பிரணீல் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனான். உனாய்சி கடலைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றாள். பக்கத்தில் ஈ காக்கை இல்லை.

“உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?”

“மெதுவா பேசு பிரணீல்.”

“எதுக்கு மெதுவா? மைக்கை மெதுவாவா பிடுங்கினே? முதல் கேஸ்ல உனக்கு நாக்குக் குழறினப்ப பக்கத்துல நின்னு எடுத்துக் கொடுத்தாரே, அதுக்கா இந்தக் கைம்மாறு?”

அவள் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

“சொல்லுங்க நீதிபதியம்மா! கோர்ட்டுலதான் நீங்க மூடச் சொன்னா நாங்க வாயை மூடணும். இங்கேயுமா?”

“நீ அவர் பேச்சைக் கேட்டியா?”

“கேட்காம? முன்னாடிதானே உட்கார்ந்திருந்தேன்!”

“என்ன சொன்னார்?”

“கடல் ஏறி வருது, ஜனங்களோட நிலம் போகுது, கல்லறைகூடத் தண்ணிக்குள்ள போயிடுச்சு, சட்டம் மாறணும்னார்.”

“சரி. அப்புறம்?”

“அப்புறம்...”

பிரணீல் யோசித்தான். அப்புறம் கட்சிக்காரர் ஒருவர் போனில் செய்தி அனுப்பினார். பதில் போட்டான். போனை எடுத்ததுதான் எடுத்தோமே என்று ரக்பி ஆட்டத்தில் நம்ம பசங்க எத்தனை புள்ளி என்று ஒரு எட்டு பார்த்தான். சொக்கிப் போன ராதேஷும் பக்கத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்புறமும் அதைப் பத்தித்தான் பேசினார்,” என்றான், சுருதி இறங்கி.

“அதைப் பத்தி இல்லே. அதையேதான் பேசினார்.” உனாய்சியின் குரல் தழுதழுத்தது. “பேச்சை அழகா முடிச்சார் பிரணீல். முடிச்ச கையோட, ‘குலத்தலைவர்களே, தலைமை நீதிபதி அவர்களே’ன்னு முதல்லேர்ந்து ஆரம்பிச்சார். அதே கடல், அதே கல்லறை, அதே இடத்துல அதே சிரிப்பு. நம்ம ஊர்லதான் மேடை ஏறினவங்க எல்லாரும் ஆளாளுக்கு அரை மைல் நீளத்துக்கு வணக்கம் சொல்லுவோமே, அதனால யாருக்கும் உறைக்கலை. மூணாவது தடவையும் ‘குலத்தலைவர்களே’ன்னப்ப ரெண்டு மூணு பேர் போனை விட்டு நிமிர்ந்தாங்க. அதான் பிடுங்கினேன்.”

பிரணீல் திரும்பிப் பார்த்தான். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அபிசாயைச் சுற்றி ஒரே கூட்டம். “அருமையான பேச்சு சார்! அந்தம்மா கிடக்கறாங்க, விடுங்க!” என்று ஆளுக்கு ஆள் கை குலுக்கினார்கள். மனிதர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அவங்க வீட்டம்மாகிட்ட பேசிட்டேன். அடுத்த வாரம் நான்தான் சாரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்,” என்றாள் உனாய்சி.

பிரணீல் அவள் பக்கம் திரும்பினான். “மன்னிச்சுடு உனாய்சி. நான் போய் அந்த ராதேஷ்கிட்டயாவது உண்மையைச் சொல்லிடறேன். உன்னைப் போய் எல்லாரும் கண்டபடி...”

“வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்!” என்றாள் நீதிபதி. “எல்லாரும் இந்தப் பக்கம்தான் பார்க்கறாங்க. திட்டறதை ஏன் நிறுத்திட்டே? இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டு. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் என்னைப் பத்தியே பேசிட்டுப் போகட்டும்.”