இன்றைய நல்ல செய்தி

“சுகப்பிரியா அம்மாதானே? யூ.கே.ஜி. வேல்விழி டீச்சர் பேசறேன்மா. இன்னைக்கு பாப்பா யானைப் பாட்டை ஆக்‌ஷனோட பாடினா, கிளாஸே கைதட்டுச்சு. தண்ணி பாட்டிலைத்தான் மறந்துட்டா, நாளைக்குக் குடுத்து விடுங்க.”

“சரி டீச்சர். சோறு பூரா தின்னாளா?” என்று கேட்டாள் மறுமுனையில் சந்தனமாரி.

“ஒரு பருக்கை மிச்சமில்ல!” என்று சிரித்தாள் வேல்விழி.

பள்ளிக்கூடம் விட்டதும் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு போன் போகும். அது தலைமையாசிரியை பூமா மேடத்தின் ஏற்பாடு. ஒரகடம் கம்பெனிகளில் ஷிஃப்ட் முடியும்வரை தொழிலாளர்களின் போனெல்லாம் கேட்டிலேயே லாக்கரில் கிடக்கும். வெளியே வந்து போனை எடுத்ததும் பிள்ளையைப் பற்றி நல்ல செய்தி காதில் விழ வேண்டும் என்பார் மேடம். லேசான தும்மல், இருமலுக்கெல்லாம் கம்பெனிக்குப் போன் போட்டு அவர்களைப் பதற வைக்காதீர்கள், பாவம், வேலை கெட்டுப்போகும் என்றும் சொல்லி வைத்திருந்தார்.

ஆயா அன்னக்கிளிக்கு எதையும் மனதுக்குள் போட்டு வைக்கத் தெரியாது. மேடத்தின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“இன்னா மேடம் இது கூத்து? வேல்விழி டீச்சர் சந்தனமாரிக்குப் போன் போட்டுகினு கீது.”

“எல்லார் வீட்டுக்கும்தானே போடறா? இதுல என்ன?”

“ஐய, புரியாத பேசறியே மேடம்! அந்தக் கொயந்த சுகப்பிரியா செத்து ரெண்டு மாசம் ஆவுது!”

பூமா மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வந்த வேகத்தில் குழந்தையைக் கொண்டுபோன டெங்குக் காய்ச்சல் அது. மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டு வந்தவரே அவர்தான்.

மறுநாள் காலை அவரே கேட்டருகே நின்று பார்த்தார். கம்பெனி யூனிஃபார்மில் வேகவேகமாக வந்த சந்தனமாரி, ஊதா நிறத் தண்ணீர் பாட்டில் ஒன்றை வேல்விழியிடம் கொடுத்தாள். அதில் தளும்பத் தளும்பத் தண்ணீர் இருந்தது.

மேடத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெற்றவள் பாவம், பிள்ளை போனதையே ஏற்க முடியாமல் புத்தி பேதலித்துக் கிடக்கிறாள். வேல்விழிக்கு இளகின மனசு. உண்மையைச் சொல்லத் துணிச்சல் வராமல் கூடவே நடிக்கிறாள்.

மதியம் யூ.கே.ஜி. வகுப்பைச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். குழந்தைகளெல்லாம் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் காலியாக ஒரு பாய் விரித்திருந்தது. வேல்விழி அதன் பக்கத்தில் குனிந்து, தலைமாட்டில் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தனமாரி எந்த நேரத்தில் வந்து எட்டிப் பார்ப்பாளோ என்று பயந்து இதையும் செய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் மேடம். இதை இன்றைக்கே நிறுத்தியாக வேண்டும் என்று தோன்றியது. இப்படியே விட்டால் அந்தத் தாய் தேறவே மாட்டாள்.

சாயங்காலம் வல்லக்கோட்டை ரோட்டில் சந்தனமாரி குடியிருக்கும் ஒற்றை அறைக்குப் போனார். சுவரில் சுகப்பிரியாவின் படம், அதற்குப் புதுக் கதம்பம், கீழே விளக்கு. சந்தனமாரி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மனசைத் தேத்திக்கோம்மா. இனிமே அந்தப் போனை எடுக்காதே. வேல்விழிகிட்டயும் நிறுத்தச் சொல்லிடறேன்.”

“ஐயோ, அப்படி மட்டும் செஞ்சிராதிய மேடம்!” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் சந்தனமாரி.

அதற்குள் போன் அடித்தது. உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள்.

“பாப்பா இன்னைக்கு மதியம் நல்லாத் தூங்கினாம்மா.”

“சந்தோசம் டீச்சர். நீங்க சாப்பிட்டியளா? மொதல்ல போய்ச் சாப்பிடுங்க.” போனை வைத்த பிறகுதான் சந்தனமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“காய்ச்சல் கண்ட அன்னைக்கும் டீச்சர் இதே வார்த்தைதான் சொன்னாவ மேடம், நல்லாத் தூங்கினான்னு. நெத்தி சுட்டிருக்கு. ஷிஃப்டுல இருக்கவளப் பதற வைக்கக் கூடாதுன்னு போன் போடல. புள்ளயத் தூக்கும்போது எங்காலப் புடிச்சிக்கிட்டு அதச் சொல்லித்தான் அழுதாவ.”

அப்படிச் சொல்லி வைத்தது பூமா மேடம்தானே. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் படத்தைப் பார்த்தார்.

“தப்பு என் மேலதாம்மா. ஆனா குழந்தை போயிட்டான்னு நீ ஏத்துக்கணும் இல்லையா?”

“எனக்குத் தெரியாமலா மேடம் படத்துக்குப் பூ போட்டிருக்கேன்?”

“பின்னே எதுக்கு தினமும் போனை எடுக்கறே?”

“ஒரு நாளு எடுக்காமத்தான் இருந்தேன். டீச்சர் கால்ல செருப்புகூட இல்லாம இங்க ஓடி வந்து நின்னாவ.”

“எதுக்கு?”

“பாப்பா இன்னும் ஸ்கூல் கேட்டுலயே அழுதுகிட்டு நிக்கா, கூட்டிட்டுப் போக ஏன் வரலன்னு கேட்டாவ மேடம்.”